மருந்துக்குச் சாகாத பேன்

சந்தேகப்படுவது எனக்குச் சாப்பிடுவது மாதிரி, வேளா வேளைக்கு வேண்டும். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கி வந்த மீனை வீட்டில் இன்னொரு முறை எடை போடுவேன். லிஃப்டில் தெரியாத ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார் என்று எங்கள் மாடி வரும்வரை யோசிப்பேன். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்லா" என்பார் என் கணவர். அதை அவர் பாராட்டாகச் சொல்கிறாரா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்தக் குணத்துக்காகத்தான் அந்தப் பண்ணையில் எனக்கு வேலை கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பண்ணை என்றதும் மண்ணையும் மாட்டையும் நினைக்க வேண்டாம். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடி அது. குளிரூட்டிய கூடத்தில் வரிசையாக இரும்பு அடுக்குகள், ஒவ்வொரு தட்டின் மேலும் ஊதா விளக்கு, விளக்குக்கு அடியில் ஸ்ட்ராபெர்ரிச் செடிகள். முன்பு பல வருடம் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தவள் நான். இங்கே மருந்து அலமாரியின் சாவி, தெளித்த மருந்தின் பதிவேடு, உள்ளே வருபவர்களைச் சோதிப்பது எல்லாம் என் பொறுப்பு.

வாசலில் ஒட்டியிருந்த விதியை எழுதியதும் நான்தான். வெளியிலிருந்து செடி, பழம், காய்கறி எதுவும் உள்ளே வரக்கூடாது. பூச்சி எதில் தொற்றிக்கொண்டு வரும் என்று யாருக்குத் தெரியும்? சீனப் புத்தாண்டின்போது பொட்டலம் கட்டும் பெண்மணி ஒருவர் ஆசையாக மாண்டரின் ஆரஞ்சு கொண்டுவந்தார். இரண்டு பழங்களையும் படிக்கட்டில் உட்கார்ந்து தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னுடன் பேசவில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

மருந்து தெளிப்பவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். ஊரில் சொந்தமாகத் தக்காளியும் கத்தரியும் போட்டுக்கொண்டிருந்தவர், வேலை பெர்மிட்டில் இங்கே வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதிகம் பேசமாட்டார். பேச்சு குறைந்தவர்களை நான் எப்போதும் நம்புவதில்லை. பேச்சு அதிகமானவர்களையும்தான். கலவை அறையில் நாங்கள் இருவர் மட்டுமே. வெள்ளிக்கிழமை காலையில் அங்கிருக்கும் பிள்ளையார் படத்துக்குப் பூ வைத்துவிட்டு நான் அலமாரியைத் திறப்பேன். அவர் அளந்து, கலக்கி, முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போவார்.

ஒரு நாள் அவர் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து காட்டினார்.

"அக்கா, சிலந்திப்பேன் வந்துடுச்சு."

இலையின் மேற்பக்கம் ஊசியால் குத்தினாற்போல் வெளிறிய புள்ளிகள். திருப்பி லென்ஸில் பார்த்தால் அடிப்பக்கத்தில் மெல்லிய நூலாம்படை, அதற்குள் உப்புக்கல் அளவுகூட இல்லாத உருவங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. மருந்து கொடுத்தேன், தெளித்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தன. மறுபடி தெளித்தார். இரண்டு தட்டில் இருந்தது ஆறு தட்டுக்குப் பரவியது. பழங்கள் சிறுத்து, தோல் செம்பு நிறத்தில் தடித்துப் போயின. மூன்றாவது முறை மருந்து கேட்டு வந்தபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இந்த மருந்து இதுக்குப் பழகிப்போச்சுக்கா. பலவீனமானது செத்துருது, தாங்குனது குட்டி போடுது. அதே மருந்தையே அடிச்சா தாங்குற குட்டிதான் பெருகும். பாட்டில்ல குரூப் நம்பர் போட்டிருக்கும் பாருங்க. வேற நம்பர் உள்ள மருந்து வாங்கணும். அதையும் மாத்தி மாத்தி அடிக்கணும்."

நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசுபவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. மருந்தைக் குறைத்துக் கலக்கினாலும் பேன் இப்படித்தான் சாகாது. குறைத்துவிட்டு மிச்சத்தை என்ன செய்கிறார்? ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் ஊர்க்காரர்களைப் பார்க்கப் போகிறேன் என்பாரே, வெறுங்கையோடா போகிறார்?

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். மருந்து பாட்டிலின் பின்பக்கம் மார்க்கரால் சின்னதாகக் கோடு போட்டேன். மறுநாள் பதிவேட்டில் எழுதிய அளவுக்குச் சரியாக மருந்து இறங்கியிருந்தது. நிம்மதி வர வேண்டியதுதானே? எனக்கு வரவில்லை. கோடு இவ்வளவு துல்லியமாக எப்படி இறங்கும், எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறாரோ என்று தோன்றியது.

இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்தேன். அவர் கலவை அறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்று, எதையோ பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டித் தன் தோள்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே ஒளிந்து நின்று பார்த்தேன். அதே பை, அதே முடிச்சு. கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக எனக்குள் ஒரு குதூகலம். எதிரில் போய் "என்ன அது?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஆள் உஷாராகிவிடுவார் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

மேனேஜருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அவர் என்னைவிட இருபது வயது இளைய சீனப் பெண், காரியத்தில் கறார். மருந்து தெளிப்பவர் மருந்தைக் குறைவாகக் கலக்கிறார், மீதியை வெளியே கொண்டுபோகிறார் என்று சந்தேகிக்கிறேன், பெர்மிட்டைப் புதுப்பிக்குமுன் யோசிக்கவும் என்று எழுதினேன். அவருடைய பெர்மிட் முடிய அப்போது ஆறு வாரம் இருந்தது. புதுப்பிக்காவிட்டால் அவர் விமானம் ஏறிவிட வேண்டியதுதான். ஊரில் அவருடைய மூத்த மகள் நர்ஸிங் இரண்டாவது வருடம் படித்துக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

மேனேஜர் கூப்பிட்டு, "ஆன்டி, சந்தேகம் மட்டும் போதாது. புரூஃப் இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு வாரத்தில் தருகிறேன் என்றேன்.

ஆதாரம் தேட எனக்கு ஒரு வழி தோன்றியது. எங்கள் வீட்டு வாசல் நடையில் தொட்டியில் நான்கு கத்தரிச்செடி வைத்திருக்கிறேன். அதிலும் சிலந்திப்பேன் உண்டு. அந்தச் செடி மருந்தையே கண்டதில்லை. சந்தேகத்துக்குரிய அதே பாட்டிலை எடுத்து, லேபிளில் சொன்ன அளவில் நானே கலக்கினேன். பால் இல்லாத டீயான தே ஓ குடிக்கும் கோப்பைகளின் சாஸர் நான்கு, அவற்றில் ஈரப்பஞ்சு. இரண்டில் கத்தரி இலை, இரண்டில் ஸ்ட்ராபெர்ரி இலை. ஒவ்வொரு வகையிலும் ஓர் இலையை மருந்திலும் மற்றதை வெறும் தண்ணீரிலும் நனைத்தேன். வீட்டுப் பேன்களை வீட்டு இலையிலும் பண்ணைப் பேன்களைப் பண்ணை இலையிலும் மெல்லிய தூரிகையால் எடுத்து விட்டேன். வீட்டிலிருந்து பேனைப் பண்ணைக்குள் கொண்டுபோக என் விதி விடாது. அதனால் பண்ணை இலைகளை டப்பாவில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் சமையலறையில் இதைச் செய்தேன். என் கணவர் அந்த இரண்டு நாளும் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தார்.

பாட்டிலில் தண்ணீர் கலந்திருந்தால் கத்தரிப் பேனும் சாகாது. மருந்து சுத்தமாக இருந்து, அந்த மனிதர் கலப்பதுதான் குறைவு என்றால் நான் கலந்ததில் இரண்டு பேனும் சாகும். எப்படியும் அவர் மாட்டிக்கொள்வார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இரண்டாம் நாள் லென்ஸை வைத்துப் பார்த்தேன். தண்ணீரில் நனைத்த இலைகளில் எல்லாம் உயிரோடு இருந்தன. மருந்தில் நனைத்த கத்தரி இலையில் ஒன்றுகூட அசையவில்லை. மருந்தில் நனைத்த ஸ்ட்ராபெர்ரி இலையில் பேன்கள் ஒன்றும் நடக்காதது போல் ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டு முட்டைகள் புதிதாகவும் இட்டிருந்தன.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்தில் குறை இல்லை, கலவையிலும் இல்லை. அந்த மனிதர் முதலிலேயே சொன்னதுதான் உண்மை. இந்தப் பேன்கள் இந்த மருந்தைத் தாங்கும் பேன்கள். ஆனால் இன்னொன்று உறுத்தியது. எங்கள் கூடத்தில் அந்த மருந்தை நாங்கள் அதற்கு முன் தெளித்ததே இல்லை. முதல் தெளிப்பிலேயே பாதிக்கு மேல் தப்பித்திருந்தன. அப்படியென்றால் அவை இங்கே தேறியவை அல்ல. இந்த மருந்தை வாரா வாரம் குடித்துப் பழகிய ஏதோ ஓர் இடத்திலிருந்து வந்திருக்கின்றன.

பதிவேட்டைப் புரட்டினேன். அதுவரை நான் அதில் மருந்தின் அளவை மட்டும்தான் பார்த்திருந்தேன். எந்தத் தட்டில் புதிதாகப் பேன் தெரிந்தது என்பதை அவர் தனியாக எழுதி வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கலவை அறைக் கதவை ஒட்டிய முதல் அடுக்கிலிருந்துதான் தொடங்கியிருந்தது. அந்தக் கதவில் போய்வருபவர்கள் இரண்டே பேர். அப்போதும் என் புத்தி போன போக்கைச் சொல்லியாக வேண்டும். தங்கும் விடுதியிலிருந்து தன் சட்டையில் இவர்தான் கொண்டுவருகிறார் என்று நினைத்தேன். அதைக் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வியாழன் மாலைதோறும் நான் லிட்டில் இந்தியாவுக்குப் போய், வழக்கமான கடையில் ரோஜாவும் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டிய சரம் ஒரு முழம் வாங்கி, ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் பைக்குள் போட்டுக்கொண்டு போவேன். சிராங்கூன் சாலையில் பூ வாங்கும் எந்தப் பெண்ணும் செய்வதுதான். அன்றும் பிள்ளையார் படத்தின் முன் நின்று சரத்தை உதறிப் பிரித்தேன். என் கட்டைவிரலில் ஒரு செம்புள்ளி நகர்ந்தது.

முதலில் குங்குமம் என்று நினைத்தேன். குங்குமம் நகராது. லென்ஸை எடுத்தேன். ரோஜாவின் காம்புக்கு மேலே பச்சையாக விரியுமே, அந்த இதழ்களுக்கு அடியில் நூலாம்படை. அதற்குள் அவை. படத்தில் சரத்தைத் தொங்கவிட்டால் முனை எங்கே வரும் என்று பார்த்தேன். கதவு திறந்து மூடும் காற்று நேராக முதல் அடுக்குக்கு வீசும் இடம்.

செடி கூடாது, பழம் கூடாது, காய்கறி கூடாது என்று எழுதியவள் நான். சாமிப் பூ இந்த மூன்றில் எதிலும் சேரும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. ஆரஞ்சுப் பழத்தைப் படிக்கட்டில் தின்ன வைத்தவள், பதினைந்து மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பேனைச் சரம் கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன்.

முதலில் வந்தது வெட்கம் இல்லை, பயம். பூவைப் பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் எறிந்தேன். இனி பூ வேண்டாம், வேறு குரூப் மருந்து வாங்கிவிடலாம், பேன் போய்விடும், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மனசுக்குள் ஒரு திட்டம் தயாரானது. அன்று முழுவதும் வாயைத் திறக்கவில்லை. அவர் வழக்கம்போல வந்து அளந்தார், கலக்கினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பூக்கடைக்குப் போனேன். குற்றத்தைத் தள்ளிவிட வேறு ஆள் கிடைக்குமா என்ற நப்பாசைதான்.

"ரோஜா எங்கேர்ந்து வருது?"

"மலேசியாலேர்ந்தும் வருது, ஊர்லேர்ந்தும் வருது. ஏன்க்கா?"

"மருந்தடிப்பாங்களா?"

கடைக்காரப் பெண் சிரித்தாள். "மருந்தடிக்காம ரோஜா வருமாக்கா? வாரத்துக்கு ரெண்டு தடவை அடிக்கறதாச் சொல்வாங்க. சாமிக்குத்தானே வைக்கறீங்க, சாப்பிடவா போறீங்க?"

அவள்மேல் என்ன தப்பு? திங்கட்கிழமை மேனேஜரிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார், புரூஃப்புக்குக் காத்திருக்க நேரமில்லை, புதுப்பிக்க வேண்டாமென்று வெள்ளிக்கிழமையே ஆபீஸில் சொல்லிவிட்டேன், மருந்து தெளிப்பவரிடமும் சொல்லியாயிற்று என்று. வெள்ளிக்கிழமை. நான் பூவைக் குப்பையில் எறிந்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த நாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சாஸர், கத்தரி இலை, ரோஜா, ஒன்றையும் விடவில்லை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எவ்ரி ஃபிரைடே? பூ? நீங்களா?"

"ஆமாம்."

"அந்த ஆரஞ்சு ஆன்டிகிட்ட யார் சொல்றது?" என்றார். சிரிக்கவில்லை. பிறகு என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்து, முன்பு எழுதியது தவறு என்று என் பெயரிலேயே எழுத வைத்தார். தெளிப்பவரின் பெர்மிட் முடிய இன்னும் நான்கு வாரத்துக்கு மேல் இருந்ததால், அன்று மாலைக்குள் புதுப்பிக்க ஏற்பாடாகிவிட்டது. என் வேலையும் போகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன், நிம்மதியில்தான்.

அடுத்த வாரங்களில் மருந்து மாறியது. குரூப் நம்பரைப் பார்த்து வேறு வேறு இரண்டை வாங்கினோம், ஒன்றை அடித்தால் அடுத்து மற்றது. பேன் மொய்த்த இலைகளைக் கிள்ளிக் கட்டி வெளியேற்றினோம். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினோம். பிறகு மருந்தையே குறைத்துக்கொண்டு, பேனைத் தின்னும் இன்னொரு வகைப் பேனை வாங்கித் தட்டுகளில் தூவினோம். எல்லாம் அவர் ஆரம்பத்திலிருந்து சொல்லி வந்ததுதான். முதல் அடுக்கில் புதுத் தளிர் சுத்தமாக வந்தது.

அவரிடம் நான் இதைப் பற்றி இன்னும் பேசவில்லை. மின்னஞ்சல் எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாள் இடைவேளையில் அவர் படிக்கட்டில் தே தாரிக் டீயோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மனசைத் திடப்படுத்திக்கொண்டு இறங்கிப் போனேன். மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்று.

"தம்பி, பேன் எதுல வந்துச்சுன்னு தெரிஞ்சிருச்சு. என் பூவுலதான்."

"தெரியும்க்கா" என்றார்.

"தெரியுமா?"

"ரோஜாவுல பார்த்தேன். சாயங்காலம் நீங்க போனதும் சரத்தை எடுத்துப் பையில கட்டி வெளியே கொண்டுபோய்ப் போட்டுருவேன். காலையிலேர்ந்து தொங்கறதை என்ன பண்றது?"

அந்தப் பிளாஸ்டிக் பை. அந்த முடிச்சு. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. எரிந்த வேகத்தில் என் வாயிலிருந்து இதுதான் வந்தது:

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் தம்பி என்கிட்ட சொல்லலை? நீங்க அப்பவே சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா?"

அவர் கோப்பையைப் படியில் வைத்தார்.

"சொன்னேன்க்கா. முதல் தடவை பேன் வந்த வாரமே, பூவை வாசலுக்கு வெளியே வச்சுக்கலாமான்னு கேட்டேன். நீங்க மறந்துட்டீங்க."

மறக்கவில்லை. அவர் சொன்ன நொடியில் நான் சொன்ன பதில் அப்படியே திரும்பி வந்தது. "எனக்குச் சாமி கும்பிடச் சொல்லித் தர்றீங்களா? மருந்தடிக்கற வேலையைப் பாருங்க." அதைச் சொல்லிவிட்டு, பிள்ளையாரைப் பிடிக்காத ஆள் என்று வேறு அவரைச் சந்தேகப்பட்டிருந்தேன்.

"எட்டாவது மாடியில இருக்கற நம்ம கம்பெனி கீரைப் பண்ணைக்கு மாத்திக் கேட்டிருக்கேன்க்கா. மேனேஜர் சரின்னுட்டாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "என்னை நம்பலைன்னுகூட எனக்கு ஒண்ணும் இல்லை. வெளியூர்லேர்ந்து வந்தவங்களை யாரும் சட்டுன்னு நம்பமாட்டாங்க. ஆனா பாருங்க, தப்பு எதுலன்னு இப்ப உங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. அப்பவும் கேள்வி என்னைத்தான் கேக்கறீங்க."

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து மேலே ஏறினார். ஏழாவது மாடிக் கதவைத் தாண்டி எட்டாவது மாடிக்குப் போகும் காலடிச் சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்க வந்தவள் அந்த வார்த்தையை இன்னும் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.